பக்கத்து அறைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது கூடத்தில் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. அக்கா மகன், பதினைந்து வயது, தூக்கிப் போட வைத்திருந்த ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி, அதில் லினக்ஸ் ஏற்றி, சொந்தமாக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் ஓடவிட்டிருந்தான். பட்டர்வொர்த்தில் இருக்கும் பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர் அதற்குள் வந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் பேரனும் வந்துவிட்டான். அடுத்த அறையில் கட்டில்மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பதினோரு வயதுத் தங்கையால் மட்டும் வர முடியவில்லை.

"வேணும்னே என்னை பேன் பண்ணிட்டான் மாமா."

"பண்ணல மாமா. அவ லேப்டாப்புல நானே முயற்சி பண்ணிப் பார்த்தேன். எனக்கும் வரல."

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து வந்த அக்கா கேட்டாள்: "ஒரே வீட்டுல உட்கார்ந்திருக்கீங்க. நாகப்பட்டினத்துக்காரன் வரான், இவளுக்கு என்ன?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்கில் இறங்கியவர். அந்தத் தூரம், வான்வழியாக அளந்தால் சுமார் 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே வழி நேராக இருந்தால் 12 மில்லிநொடியில் வந்து சேரலாம். அப்படி வருகிறவன் வந்துவிடுகிறான். ஒரு சுவருக்கு அப்பால் இருப்பவளின் திரையிலோ, காத்திருந்து காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்ற செய்திதான் வருகிறது.

தங்கையிடம் என்ன முகவரி கொடுத்திருக்கிறாய் என்று பையனைக் கேட்டேன். எல்லோருக்கும் கொடுத்ததேதான் என்றான். அந்த உண்மையான எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. எடுத்துக்காட்டுக்காகவே இணைய உலகம் ஒதுக்கி வைத்திருக்கும் எண்களில் ஒன்றை வைத்துக்கொள்வோம்: 203.0.113.7. அதை அழித்துவிட்டு 192.168.1.10 என்று போடச் சொன்னேன். ஒரே நொடியில் அவள் சர்வருக்குள் போய்விட்டாள். பேன் எதுவும் இல்லை என்பது முடிவாகி, அண்ணன்மேல் இருந்த வழக்கு தள்ளுபடி ஆனது.

அடுத்து இன்னொன்று செய்து பார்த்தோம். வீட்டு வைஃபையைத் துண்டித்துவிட்டு, அக்காவின் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து, பழையபடி 203.0.113.7 என்று போட்டோம். இப்போதும் உள்ளே போய்விட்டாள். கட்டிலை விட்டு அவள் அசையவில்லை. ஆனால் அவளுடைய தரவு கைப்பேசிக்குப் போய், எங்கேயோ இருக்கும் கோபுரத்துக்குத் தாவி, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் உள்வழிகளில் சுற்றி, இணையத்தின் பொதுச்சாலைக்கு வந்து, மறுபடி இதே கட்டடத்துக்கு வரும் கண்ணாடி இழையில் ஏறி, இதே கூடத்தின் ரூட்டரைத் தொட்டு, அண்ணனின் கணினிக்கு வந்திருக்கிறது. ஊரைச் சுற்றினால் வழி திறக்கிறது. வீட்டுக்குள்ளேயே கேட்டால் மூடிக்கொள்கிறது. ஏன்?

இதைப் புரிந்துகொள்ள, ஒரே கணினிக்கு எதற்கு இரண்டு முகவரி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இணைய முகவரி 32 இலக்க இரும எண்ணாக இருந்தால் போதும் என்று 1977இல் முடிவெடுத்தவர் வின்ட் செர்ஃப். அப்போது அது ஒரு ஆய்வுத் திட்டம், அவ்வளவே. 32 இலக்கம் என்றால் சுமார் 429 கோடி முகவரிகள். சில நூறு கணினிகள்கூட இணைந்திராத காலத்தில் அது தீராத பெட்டகமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அந்தப் பெட்டகத்தின் கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று, நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகம், கையிருப்பு கடைசிக் கட்டுக்கு வந்துவிட்டதால் பங்கீட்டு முறைக்கு மாறியது.

தட்டுப்பாடு வரப்போவது அதற்கு வெகு முன்பே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர், ஆர்எஃப்சி 1631 என்ற எண்ணில் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். ஆர்எஃப்சி என்பவை இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்கப்படும் ஆவணங்கள். அதில் அவர்கள் சொன்ன யோசனை: உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் வெளியுலகுக்குச் சில முகவரிகளை மட்டும் காட்டலாம், வாசலில் ஒரு கருவி எண்களை மாற்றி மாற்றி எழுதிக் கொடுக்கட்டும். முகவரி மாற்றம், சுருக்கமாக நேட். இது குறுகிய காலத் தீர்வு என்று அவர்களே எழுதினார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முகவரிக்கு இருந்த பொருள் இதனால் போய்விடும் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து தவிக்கும் ஒரு பெண்ணின் சிக்கலுக்கான விதை அந்த வரியிலேயே இருக்கிறது.

1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 வந்தது. வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் புழங்கிக்கொள்ளட்டும் என்று மூன்று தொகுதி எண்களை அது விட்டுக்கொடுத்தது. 192.168 என்று தொடங்குபவை அவற்றில் ஒரு தொகுதி. ஆகவே 192.168.1.10 என்பது 'தம்பி' என்று கூப்பிடுவதைப் போன்றது. எல்லா வீட்டிலும் ஒரு தம்பி இருப்பான். நாகப்பட்டினத்து வீட்டிலும் இதே எண்ணில் ஒரு கணினி இருக்கக்கூடும். கூப்பிடுகிறவர் எந்த வீட்டுக்குள் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று தெரியும்.

வாசலில் எண் மாற்றும் வேலையைச் சொல்ல எனக்கு ஜார்ஜ் டவுனிலேயே ஒரு நல்ல உவமை கிடைக்கிறது. லெபோ பினாங்கில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. வட்டித்தொழில் செய்தவர்களின் வீடும் அலுவலகமுமாக இருந்த கட்டடங்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடும் அந்தத் தெருவில்தான். ஒரு கிட்டங்கிக்கு ஒரே கதவு எண். உள்ளே நீண்ட கூடம். கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனம், அதற்குத் தனிப் பேரேடு. ஒரே கதவு எண்ணுக்கு வரும் கடிதம் எந்தப் பெட்டியடிக்கு என்று எப்படித் தெரியும்? விலாசத்தை வைத்து. நமக்கு விலாசம் என்றால் முகவரி. நகரத்தார் வழக்கில் அது நிறுவனத்தின் பெயர், உரிமையாளர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குறி. கதவு எண் வீட்டைக் காட்டும், விலாசம் ஆளைக் காட்டும்.

கணினி உலகில் விலாசத்தின் வேலையைச் செய்வது போர்ட் எண். வீட்டுக்கு ஒரே வெளி எண், 203.0.113.7. உள்ளே மடிக்கணினி, தொலைக்காட்சி, நான்கு கைப்பேசி, அந்தப் பழைய கணினி. தங்கையின் மடிக்கணினி ஒரு தளத்தைத் திறக்கும்போது, அது அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் மேல் 'அனுப்புநர் 192.168.1.20' என்று எழுதியிருக்கும். ரூட்டர் அதை அடித்துவிட்டு 'அனுப்புநர் 203.0.113.7, இந்தப் போர்ட்' என்று எழுதி, யாருக்காக எந்தப் போர்ட்டைக் கொடுத்தோம் என்று தன் பேரேட்டில் ஒரு வரி குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் பேரேட்டைப் பார்த்து, பெறுநர் பெயரைத் திருப்பி மாற்றி, உரியவரிடம் சேர்க்கும். ஒரு வீட்டில் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கிறது. யாருக்கும் தெரிவதில்லை.

சிக்கல் எங்கே என்றால், பேரேட்டு வரி உள்ளிருந்து யாராவது முதலில் பேசினால்தான் விழும். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து கதவைத் தட்டினால், அவர் யாரைத் தேடி வந்தார் என்று ரூட்டருக்குத் தெரியாது. பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். வீட்டுக்குள் சர்வர் வைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. பையன் அதைத் தாண்டியிருந்தான். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற இடத்தில், '25565 என்ற போர்ட்டைக் கேட்டு வருகிறவரை 192.168.1.10க்கு அனுப்பு' என்று நிலையான ஒரு வரி எழுதியிருந்தான். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் வழக்கமான போர்ட் அதுதான். பட்டர்வொர்த்தும் நாகப்பட்டினமும் உள்ளே வந்தது அந்த ஒற்றை வரியால்.

இனி தங்கை அனுப்பும் பொட்டலத்தைப் பின்தொடர்வோம். பெறுநர் 203.0.113.7, போர்ட் 25565. மடிக்கணினி முதலில் ஒன்றைப் பார்க்கும்: இந்த எண் என் தெருவைச் சேர்ந்ததா? தன்னுடைய எண் 192.168.1.20. 192.168.1 என்று தொடங்குபவை தன் தெரு. 203 என்று தொடங்குவது தன் தெரு இல்லை. எனவே வெளியூர்க் கடிதம் என்று ரூட்டரிடம் கொடுத்துவிடும்.

இந்த இடத்தில் சற்று நிற்கத் தோன்றுகிறது. 203.0.113.7 என்பது அந்த மடிக்கணினி இருக்கும் வீட்டின் சொந்தக் கதவு எண். நாகப்பட்டினத்துப் பையனுக்கு அது தெரியும். திறக்கும் ஒவ்வொரு வலைத்தளத்துக்கும் அது தெரியும். அந்த வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கணினிக்கும் தெரியாது. ரூட்டர் ஒன்றுக்கு மட்டுமே அந்த எண் சொந்தம். வீட்டுக்குள் பிறந்து வீட்டுக்குள்ளேயே வளரும் பொருள்களுக்குத் தங்கள் வீட்டை வெளியிலிருந்து பார்த்த அனுபவமே இல்லை.

ரூட்டரிடம் போன பொட்டலத்துக்கு என்ன ஆகும்? பல ரூட்டர்களில் கதை அங்கேயே முடிந்துவிடும். பினாங்குப் பாலத்தில் டோல் சாவடி பெருநிலத்தில், பிறை என்ற ஊரின் பக்கம் மட்டுமே இருக்கிறது. பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும் வண்டி அதைக் கடந்தாக வேண்டும். தீவுக்குள்ளேயே ஆயர் ஈத்தாமிலிருந்து லெபோ பாசாருக்குப் போகும் வண்டி அந்தச் சாவடியைக் கண்ணால்கூடப் பார்க்காது. போர்ட் ஃபார்வர்டிங் வரியும் அப்படித்தான், வெளிவாசலில் மாட்டப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து நுழையும் பொட்டலத்துக்கு மட்டும் அது பொருந்தும். உள்பக்கத்திலிருந்து வரும் பொட்டலம் அதைக் கடப்பதில்லை. 203.0.113.7 என்பது தன்னுடைய எண் என்பதால், 'என்னைத்தான் கேட்கிறார்கள்' என்று ரூட்டர் எடுத்துக்கொள்ளும். தன்னிடம் 25565இல் எந்தச் சேவையும் இல்லை, ஆகவே மறுக்கும், அல்லது பேசாமல் இருந்துவிடும். இப்படிப்பட்ட ரூட்டர் உள்ள வீட்டில் உலாவியில் வெளி எண்ணைப் போட்டால் ரூட்டரின் சொந்த நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். ஐயோ, என் ரூட்டர் உலகத்துக்கே திறந்து கிடக்கிறதே என்று பதறுகிறவர்கள் உண்டு. கைப்பேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து அதே எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

அக்கா வீட்டு ரூட்டர் இந்த வகை இல்லை. மடிக்கணினியில் வயர்ஷார்க் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். கம்பியில் போய் வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் வரி வரியாகக் காட்டும் கருவி அது. தங்கை 'சேர்' என்ற பொத்தானை அழுத்தியதும் மூன்று வரிகள் விழுந்தன. நானும் பையனும் அந்த மூன்று வரிகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைவில்லை. காபி ஆறிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

முதல் வரி: 192.168.1.20 இலிருந்து 203.0.113.7க்கு ஒரு வணக்கம். இரண்டாவது வரி: 192.168.1.10 இலிருந்து 192.168.1.20க்கு ஒரு பதில் வணக்கம். மூன்றாவது வரி: 192.168.1.20 இலிருந்து 192.168.1.10க்கு 'நீ யார், உன்னோடு எனக்குப் பேச்சில்லை' என்று ஒரு மறுப்பு.

பதில் வந்திருக்கிறது. சர்வர் கேட்டிருக்கிறது, உடனே பதிலும் சொல்லியிருக்கிறது. பதில் சரியான மடிக்கணினியின் வாசல்வரை வந்து திரும்பி அனுப்பப்பட்டிருக்கிறது.

மறுபடி கிட்டங்கிக்குப் போவோம். ஒரு பெட்டியடிக்காரர், தெருவாசல் கதவு எண்ணையும் ஒரு விலாசத்தையும் எழுதி வாசலில் இருப்பவரிடம் கடிதம் கொடுக்கிறார். அது தன் கூடத்திலேயே மூன்றாவது பெட்டியடி என்று அவருக்குத் தெரியாது. வாசற்காரருக்குத் தெரியும். கடிதத்தின் பெறுநர் பெயரை மாற்றி, கூடத்துக்குள்ளேயே திருப்பி, மூன்றாவது பெட்டியடியில் வைத்துவிடுகிறார். அதுவரை எல்லாம் சரி. மூன்றாவது பெட்டியடிக்காரர் அனுப்புநர் யார் என்று பார்க்கிறார். அட, நம் கூடத்து ஆள். வாசலுக்கு எதற்குப் போக வேண்டும் என்று நேராகக் கைநீட்டிப் பதிலைக் கொடுத்துவிடுகிறார். முதல் ஆள் காத்திருப்பதோ 203.0.113.7 என்ற வெளியூர் முகவரியிலிருந்து வரவேண்டிய பதிலுக்காக. பக்கத்துப் பெட்டியடியிலிருந்து நீளும் கையை அவர் தட்டிவிடுகிறார்.

மனிதர்களாக இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிடும். கணினிக்கு விளங்காது, விளங்கவும் கூடாது. டிசிபி என்ற முறையில் நடக்கும் ஓர் உரையாடலை நான்கு எண்களால்தான் கணினி அடையாளம் காண்கிறது: என் முகவரி, என் போர்ட், எதிராளியின் முகவரி, எதிராளியின் போர்ட். நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது வேறு உரையாடல். வங்கியைக் கேட்ட கேள்விக்கு யாரோ ஒருவர் பதில் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளும் கணினியை யார் நம்ப முடியும்? தங்கையின் மடிக்கணினி செய்தது சரி. சர்வர் செய்ததும் சரி. நடுவில் இருந்த ரூட்டர் தன் வேலையில் பாதியைச் செய்துவிட்டு நின்றுவிட்டது.

மீதிப் பாதி என்ன? பெறுநரை மாற்றும்போதே அனுப்புநரையும் மாற்ற வேண்டும். 192.168.1.20 என்பதை அடித்துவிட்டு ரூட்டர் தன் பெயரை எழுத வேண்டும். அப்போது சர்வர் தன் பதிலை ரூட்டரிடமே கொடுக்கும். ரூட்டர் பேரேட்டைப் பார்த்து, 'இது 203.0.113.7 இலிருந்து வந்த பதில்' என்று திருத்தி, மடிக்கணினியிடம் கொடுக்கும். நான்கு எண்ணும் பொருந்திவிடும். பொட்டலம் அறையிலிருந்து கிளம்பி வாசலைத் தொட்டு, வெளியே கால் வைக்காமல், அப்படியே மடங்கி உள்ளே வரும்.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரும் நமக்கு நன்றாகத் தெரிந்ததே: கொண்டை ஊசி. கொல்லிமலை ஏறியவர்களுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறை போனவர்களுக்கு நாற்பது. வண்டி முன்னேதான் போகிறது, ஆனால் மூக்கு வந்த திசையையே பார்த்துத் திரும்பிவிடும். மலைச்சாலையில் அது கட்டாயத்தால் வந்தது. வீட்டு ரூட்டரிலும் அப்படித்தான்.

ரூட்டர் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று எழுத்தில் விதி இருக்கிறது. 2007 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 4787 யூடிபி என்ற இன்னொரு வகைப் போக்குவரத்துக்கும், 2008 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 5382 டிசிபிக்கும், கொண்டை ஊசித் திருப்பம் கட்டாயம் என்கின்றன. 'செய்தால் நல்லது' என்ற நடையில் இல்லை, 'செய்ய வேண்டும்' என்றே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதன் ஆசிரியர் பட்டியலில் சிவகுமார், ஸ்ரீசுரேஷ் என்று நமக்குப் பழகிய பெயர்களைப் பார்த்தபோது பையன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் வீட்டுக்கு வீடு வந்து சேரும் ரூட்டர்களில் பல இன்றும் இதைச் செய்வதில்லை. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. தன் கையால் ஒரு சர்வரை எழுப்பும் பிள்ளை, தான் எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்று எண்ணி மூன்று நாள் தன் வரிகளையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறான். வரிகளில் தவறே இல்லை. ரூட்டரின் உள்ளே ஒரே ஒரு மாற்றம் எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதல் நாள் எளிய வழி. தங்கையின் மடிக்கணினியில் 192.168.1.10 என்றே போட்டுவிட்டோம். ரூட்டர் அந்தக் கணினிக்கு எப்போதும் அதே எண்ணையே கொடுக்கும்படி எண்ணைக் கட்டிவைத்தோம். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் 'தம்பி' வேறு ஆளாகிவிடுவான். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனாள். அங்கே அந்த எண்ணில் இருந்தது பாட்டி வீட்டுத் தொலைக்காட்சி.

அடுத்தது பெயர் வைக்கும் வழி. எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற ஏற்பாடு, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துப் பதில் சொல்லலாம். வெளியே இருப்பவருக்கு 203.0.113.7, வீட்டுக்குள் இருப்பவருக்கு 192.168.1.10. ஜார்ஜ் டவுனில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதில்லை. ஒரே தெரு மலாயில் லெபோ பாசார், ஆங்கிலத்தில் மார்க்கெட் ஸ்திரீட், நம்மவர் வாயில் கடைத்தெரு. ஹொக்கியன் பேசுகிறவருக்கு வேறொன்று. யார் கேட்கிறார் என்று பார்த்து வழி சொல்கிற ஊர் இது. வீட்டுக்குள் சின்னதாக ஒரு டிஎன்எஸ் வைத்தால் இது நடக்கும். அழகான வழிதான், ஆனால் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் வீட்டு டிஎன்எஸ்ஸைக் கேட்காமல், மறையாக்கம் செய்த வழியில் நேராக வெளியே போய்க் கேட்டுவிடுகின்றன. அப்போது வெளியூர் விடைதான் கிடைக்கும்.

கடைசியில் பையன் வேறொரு வழி எடுத்தான். என் வீட்டில் சும்மா கிடந்த ஒரு ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றினான். அதில் போர்ட் ஃபார்வர்டிங் வரி எழுதினால் கொண்டை ஊசித் திருப்பமும் கூடவே இயல்பாக வந்துவிடுகிறது. பழைய ரூட்டரை எடுத்துவிட்டு அதைக் கூடத்தில் வைத்தான்.

அந்த வாரத்திலேயே பட்டர்வொர்த் நண்பன் ஒருவன் தானும் ஒரு சர்வர் வைக்கிறேன் என்று கிளம்பினான். அவனிடம் போர்ட் ஃபார்வர்டிங் வரி சரியாக இருந்தது. யாராலும் உள்ளே போக முடியவில்லை. பையன் இப்போது கற்றுத் தேர்ந்தவனாக, "உன் ரூட்டரோட வெளி எண் என்ன, பாரு," என்றான். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 மூலம் இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அதாவது அந்த நண்பனின் ரூட்டருக்கே வெளியுலகக் கதவு எண் கிடையாது. அவன் வீடு மொத்தமும் இன்னொரு பெரிய கிட்டங்கிக்குள் ஒரு பெட்டியடி. பெரிய வாசலின் பேரேடு நிறுவனத்திடம் இருக்கிறது, அதில் அவனால் ஒரு வரிகூட எழுத முடியாது. அவனுக்கு எந்தக் கொண்டை ஊசியும் உதவாது. நிறுவனத்தைக் கேட்டுப் பொது எண் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வாடகைக்கு ஒரு கணினி பிடித்து அதன்வழி சுரங்கம் போட வேண்டும்.

இத்தனை வளைவுகளும் முகவரிப் பஞ்சத்தால் வந்தவை. பஞ்சத்துக்கு மருந்து 1995இலேயே எழுதப்பட்டுவிட்டது: ஐபிவி6, 128 இலக்க முகவரி. அதன் எண்ணிக்கை 34 எழுதிப் பின்னால் 37 சுழியங்கள் போடும் அளவு. அதில் ஒவ்வொரு கணினிக்கும் உலகத்துக்கே பொதுவான சொந்த எண் கிடைக்கும். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று தேவையில்லை. தங்கை அந்த எண்ணைப் போட்டால், 'இது என் தெரு' என்று மடிக்கணினியே புரிந்துகொண்டு நேராகப் போகும். நாகப்பட்டினத்தவனும் அதே எண்ணைப் போட்டு வருவான். ரூட்டரின் காவலில் மட்டும் அந்த ஒரு போர்ட்டுக்கு அனுமதி எழுத வேண்டும். அக்கா வீட்டில் ஐபிவி6 ஏற்கெனவே இருக்கிறது. விளையாட வரும் பிள்ளைகளின் வீடுகள் எல்லாவற்றிலும் இல்லை. அழைப்பு எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் பழைய எண்ணை இன்னும் சில காலம் சுமக்கத்தான் வேண்டும்.

புது ரூட்டர் வைத்த அன்று மாலை நானும் போயிருந்தேன். 1870இல் சென்னையிலிருந்து வங்கக்கடலுக்கு அடியில் பினாங்குக்குத் தந்திக் கம்பி இழுத்தார்கள். இன்றும் வங்கக்கடல் வாயில் என்று பெயர் வைத்த கண்ணாடி இழைக் கம்பி ஒன்று சென்னையில் கரையேறிப் பினாங்கில் முடிகிறது. அந்த வழியாகவோ சிங்கப்பூரைச் சுற்றியோ நாகப்பட்டினத்துப் பையன் முதல் ஆளாக வந்தான். அடுத்து பட்டர்வொர்த். பிறகு அடுத்த அறையிலிருந்து தங்கை, எல்லோருக்கும் கொடுத்த அதே 203.0.113.7 வழியாக.

சர்வரின் பதிவேட்டைப் பையன் எனக்குத் திருப்பிக் காட்டினான். யார் எந்த முகவரியிலிருந்து வந்தார்கள் என்று அதில் வரி வரியாக இருந்தது. தங்கையின் பெயருக்கு நேரே 192.168.1.1 என்று இருந்தது. அது ரூட்டரின் எண். கொண்டை ஊசி திரும்பும்போது அனுப்புநர் பெயரை ரூட்டர் மாற்றி எழுதியதன் தடம்.

"ரூட்டரே விளையாட வந்த மாதிரி இருக்கு மாமா. நானும் வெளி எண்ணைப் போட்டு வந்தா எனக்கும் இதேதான் காட்டும். அப்ப இவளை ஐபி வச்சு பேன் பண்ணா நானும் சேர்ந்து பேன் ஆயிருவேன்."

"பேன் பண்ணுவியா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"பண்ண முடியாதுன்னுதான் சொல்றேன். வா, எல்லாரும் மேட்டுமேல நிக்கிறோம்."

"எங்க?"

மைன்கிராஃப்ட் உலகத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று எண்ணால் ஒரு இடம் உண்டு. கிழக்கு மேற்கு ஒன்று, உயரம் ஒன்று, வடக்கு தெற்கு ஒன்று. பையன் மூன்றையும் சுவரைத் தாண்டிக் கேட்கும்படி கத்தினான்: "நூத்து இருபது, எழுபத்தொண்ணு, மைனஸ் நாப்பது!" கைப்பேசி அழைப்பில் இருந்த நாகப்பட்டினத்தவனும் அதைக் கேட்டு, எங்கேயோ மரம் வெட்டிக்கொண்டிருந்தவன், அதே மூன்று எண்களை நோக்கி ஓடத் தொடங்கினான். தங்கை அவனுக்கு முன்னால் மேட்டில் ஏறியிருந்தாள்.